கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு எப்படி நடக்கும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆய்வாளர் பேசி முடித்ததும், “அவையில் யாரும் கேள்வி கேட்கலாம்” என்பார் தலைவர். தோழிகள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். பிறகு தேநீர். யாரைப் பற்றி ஆய்வு நடந்ததோ அவர்கள் பெரும்பாலும் அந்த அறையில் இருப்பதில்லை.

2003இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு தேர்வில் அப்படி ஒருவர் இருந்தார். கார்லெட்டா டிலூசி, ஹவசுபாய் பழங்குடிப் பெண். ஆய்வு அவருடைய மக்களின் இரத்தத்தை வைத்து நடந்தது. அதற்கு அவர்களிடம் அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார் அவர்.

ஹவசுபாய் மக்கள் சில நூறு பேர். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் அவர்களது சுபாய் ஊருக்கு மோட்டார் சாலை கிடையாது. நடந்தோ, குதிரையிலோ, ஹெலிகாப்டரிலோ போக வேண்டும். சர்க்கரை நோய் அவர்களை வாட்டியது. 1990 முதல் பல்கலைக்கழகத்தார் இரத்தம் எடுத்தபோது, அந்த நோய்க்குக் காரணம் தேடுகிறார்கள் என்று நம்பிக் கை நீட்டினார்கள். ஒப்புதல் படிவத்தின் சொற்களோ அதைவிட மிக விரிந்தவை. மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் பிள்ளை பெறுதல், ஆசியாவிலிருந்து முன்னோர் வந்த வழி என்று பலவற்றுக்கும் அதே இரத்தம் பயன்பட்டது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. மண்ணின் மீதான அவர்களது உரிமையும் அந்தக் கதையோடு பிணைந்தது.

2004இல் வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் சமரசம் ஏற்பட்டது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர். எஞ்சிய இரத்தமும் திரும்பக் கொடுக்கப்பட்டது. உறைகலனைத் திறந்தபோது, போய் நின்றவர்கள் அழுதார்கள், பாடினார்கள். ஆய்வகத்துக்கு அது மாதிரி. அவர்களுக்கு அது உறவினர்.

1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து செல்களைக் கேட்காமலேயே எடுத்தார்கள். அவை உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகின. 1970களில்தான் குடும்பத்துக்கு அது தெரியவந்தது. கேட்காமல் எடுத்த காலம் போய், படிவம் நீட்டிக் கேட்கும் காலம் வந்தது. கேட்டது எதற்காக என்பதுதான் சுபாயில் எழுந்த கேள்வி.

இன்று அந்த உறைகலன் மிகப் பெரியதாகிவிட்டது. பிரிட்டனின் யுகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயதுக்குட்பட்ட 5 லட்சம் பேரிடம் மாதிரிகள் பெற்றது. குழாய்களுக்குப் பெயர் இல்லை, பட்டைக்குறி உண்டு. மைனஸ் 80 பாகையில் உறைந்திருப்பவற்றை இயந்திரக் கை எடுத்துத் தருகிறது. 2018இல் அமெரிக்கா தொடங்கிய ‘ஆல் ஆஃப் அஸ்’ திட்டம் 10 லட்சம் பேரை இலக்காகக் கொண்டது. பழங்குடி அரசுகளோடு அதற்குத் தனியே கலந்தாலோசிக்க வேண்டியிருந்தது. கார்லெட்டாவின் கேள்விக்கும் அதில் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

இந்த வங்கிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு உடலுக்கும் ஏற்ற சிகிச்சை தேடும் துல்லிய மருத்துவத்துக்கு இவையே அடித்தளம். உலகின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் இரத்தம் அங்கே இல்லையென்றால் அந்த மருத்துவம் நம் உடலை அறியாது. ஆனால் எதை வைத்திருக்கிறார்கள், எதற்காக, திரும்பப் பெற முடியுமா என்று கொடுத்தவர் எந்த நாளும் கேட்க முடிய வேண்டும். யுகே பயோபேங்கில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பது விதி. அது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார்கள். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். எஞ்சும் திசுவை ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்ததை வீட்டுக்கு வந்து நகலைப் படித்தபோதுதான் பார்த்தேன். ஒரு சொல்லுக்கு மூன்று பாடபேதம் தேடுகிறவள் நான். அன்று படிக்காமல் கையெழுத்திட்டேன். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அண்மையில்தான் சொன்னேன். “எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. நாலு பேருக்கு உதவட்டும்” என்றவள், சற்றுப் பொறுத்து, “ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றாள்.