மாயாவியும் இராமபாணமும்

பழைய சித்திரக்கதை நூல்களைத் திரட்டுவோரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களது சேகரத்தின் அளவையே எழுதுகிறார்கள். எத்தனை நூல்கள், எந்த எண் கிடைக்கவில்லை, எவ்வளவு விலை போயிற்று என்பனவே பேச்சு. அவர்களது ஆர்வத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அது எழும், தணியும், சிலரிடம் அடியோடு அணைந்தும் போகும். இராஜாக்கமங்கலம் போன்ற கடலோர ஊரில் இருந்துகொண்டு இவ்வரலாற்றை நோக்குகையில் ஓர் உண்மை விளங்குகிறது. உப்புக்காற்றும் ஈரமும் இராமபாணப் பூச்சியும் மலிவுத்தாளை அரிப்பதைக் காட்டிலும் விரைவாக, வேறு சில காரணங்கள் ஆர்வத்தை அரித்துவிடுகின்றன. அவை எவை என்பதே நமது ஆராய்ச்சி.

தமிழ்ச் சித்திரக்கதையின் பெருவழி சிவகாசியில் தொடங்குகிறது. 1972இல் எம். சௌந்தரபாண்டியன் அவர்கள் 'முத்து காமிக்ஸ்' இதழைத் தொடங்கினார். முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. இது பிரிட்டனில் 1962இல் தோன்றிய 'வேலியண்ட்' வார இதழில் வந்த கதை. ஹெஸூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர் வரைந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, உலோகக் கை மட்டும் தெரியும் அந்த மனிதனைத் தமிழ்ச் சிறுவர்கள் தம்மவனாகவே ஏற்றுக்கொண்டார்கள். 1984 ஜூலையில் அதே குடும்பத்தைச் சேர்ந்த எஸ். விஜயன் 'லயன் காமிக்ஸ்' இதழைக் கொணர்ந்தார். தினத்தந்தி நிறுவனத்தின் 'ராணி காமிக்ஸ்' தோன்றியதும் அதே மாதத்தில்தான். நம் தலைமுறையினரின் பள்ளிப் பருவம் இவ்விரண்டிற்கும் இடையே கழிந்தது. இராஜாக்கமங்கலத்துப் பையனுக்கு நாகர்கோவில் பேருந்து நிலையக் கடையில் தொங்கும் புது இதழே மாதத்தின் திருவிழா.

அக்காலத்தில் எவரும் திரட்டவில்லை, படித்தார்கள். ஒரு நூல் பத்துக் கைகள் மாறி, அட்டை கிழிந்து, இறுதியில் பழைய தாள் வாங்குபவரின் தராசில் ஏறியது. சிறுவர் நூல் என்பது படிக்கப்பட்டே அழிவது. பெரியவர்கள் அதை நூலாகவே கருதவில்லை. ஆகவே ஊர் நூலகங்களும் அதைக் காக்க முனையவில்லை. அருமை என்பது இவ்வாறு உண்டாயிற்று. திரட்டுபவனின் வேட்கையும் அந்த அருமையிலிருந்தே பிறந்தது.

இனி, வேட்கை தணிந்த கதைக்கு வருவோம். 1964இல் தொடங்கிய 'இந்திரஜால் காமிக்ஸ்' 1990இல் நின்றது. ராணி காமிக்ஸ் ஐந்நூறு இதழ்களோடு 2005இல் விடைபெற்றது. லயனும் முத்துவும் அந்த ஆண்டுகளில் சீராக வெளிவரவில்லை. புதியது வராதபோது திரட்டுபவனுக்கு எஞ்சுவது இடைவெளிகளை நிரப்பும் வேலை மட்டுமே. கதை மறைந்து எண் மேலெழுந்தது. விடுபட்ட எண்ணைத் தேடுவதே தொழிலாயிற்று. எண்வேட்டையில் ஒரு தீங்கு உண்டு: கிடைத்தவுடன் நூல் இறந்துவிடும். உறையிட்டு அலமாரியில் வைத்தபின் அதை எவரும் திறப்பதில்லை. விலையும் ஏறிற்று. கல்லூரி ஆசிரியர் ஊதியத்தில் வாழும் நம் போன்றோர் ஒதுங்கிக்கொண்டதில் வியப்பில்லை.

பின்னர் 2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வெளிவந்தது. வழுவழுப்பான தாளில் வண்ணப் பக்கங்கள் வந்தன. பழைய கதைகளின் மறுபதிப்புகளும் தொடர்ந்தன. வாசகர்கள் மகிழ்ந்தார்கள். திரட்டுவோருள் ஒரு சாரார் வருந்தினார்கள்: அருமையாய் இருந்தது எளிதாகிவிட்டதே என்று! அருமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்ட ஆர்வம் அங்கே அற்றுப்போயிற்று.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வருத்தம் சற்றே விந்தையாகத் தோன்றும். நம் மரபில் நூலைக் காத்தல் என்பது ஏட்டைப் பூட்டிவைத்தல் அன்று, பெயர்த்து எழுதுதல். ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. அது சிதையுமுன் புதிய ஓலையில் எழுதப்பட்டால் நூல் வாழும்; எழுதப்படாவிடின் மாயும். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடியதும் பதிப்பிப்பதற்காகவே. 1887இல் சீவகசிந்தாமணி அச்சேறியதால் அவர் கையிலிருந்த ஏடுகளின் பெருமை குறையவில்லை. மறுபதிப்பு என்பது பெயர்த்து எழுதுதலின் இக்கால வடிவமே.

ஆயினும் மூலப்பிரதிக்கு ஒரு வேலை உண்டு. அதனை நமக்குக் காட்டியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராய் வாழ்ந்த அவர், அறிஞர் பலரும் பொருட்படுத்தாத அச்சுப் பொருள்களையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தை வாங்கியது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதுபவர் எவரும் அதன் படியேறாமல் எழுத இயலாது. தனிமனிதர் ஒருவரின் ஆர்வம் பொதுச்சொத்தான கதை இது.

சித்திரக்கதையிலும் அத்தகைய ஆராய்ச்சிக்கு இடம் உண்டு. ஒரு சான்று காண்போம். 'மாயாவி' என்னும் பெயர் இராமாயணத்தில் வாலி குகைக்குள் துரத்திச் சென்ற அசுரனுடையது. முத்து காமிக்ஸ் அதை இரும்புக்கை மனிதனுக்கு இட்டது. லீ ஃபால்க் 1936இல் படைத்த முகமூடி வீரனை முத்து காமிக்ஸ் 'வேதாளன்' என்றது. ராணி காமிக்ஸோ அவனையும் 'மாயாவி' ஆக்கியது. அசுரனின் பெயர் இரண்டு அயல்நாட்டு நாயகர்களுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது? மொழிபெயர்த்தவர்களின் செவியில் எந்தக் கதாகாலட்சேபம் ஒலித்துக்கொண்டிருந்தது? முத்து காமிக்ஸின் தொடக்ககால ஆசிரியர் முல்லை தங்கராசனின் பெயராவது நினைவில் இருக்கிறது. உரையாடல்களைத் தமிழாக்கிய மற்றவர்களுள் பெயர் தெரிந்தவர் சிலரே. இதற்கெல்லாம் விடை மறுபதிப்பில் கிடைக்காது. பழைய இதழின் விளம்பரத்திலும் ஆசிரியர் பகுதியிலும் வாசகர் கடிதத்திலுந்தான் தேட வேண்டும்.

எனவே நாம் கண்ட முடிவு எளியது. எண்ணுக்காகத் திரட்டியவனின் ஆர்வம் எண் நிறைந்ததும் முடியும், நிறையாவிடினும் சலிக்கும். வினாவோடு திரட்டுபவனுக்கு அட்டை கிழிந்த பிரதியும் போதும். அவன் நூலைத் திறக்கிறான், குறிப்பெடுக்கிறான், கேட்பவருக்குக் காட்டுகிறான், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றைப் படிக்கக் கொடுக்கவும் செய்கிறான். இராமபாணம் திறவாத நூலைத்தான் முதலில் நாடும் என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி.

நம் ஊர்களில் இன்னும் எத்தனையோ பரண்களில் இந்நூல்கள் கிடக்கின்றன. வீடு இடிக்கும்போதும் பாகப்பிரிவினையின்போதும் அவை எடைக்குப் போகின்றன. அவற்றை வாங்கிக் குவிக்குமாறு எவரையும் நாம் கேட்கவில்லை. எடைக்குப் போகுமுன் ஒருமுறை திறந்து, ஆண்டையும் ஆசிரியர் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தாலே போதும். பெயர் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளருள் ஒருவரது பெயர் அதில் அகப்படவும் கூடும்.