இருதயத் துடிப்பும் மின்சாரமும்

இருதய அடைப்பு என்றவுடன் நம்மில் பெரும்பாலோர் இரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்து உண்டாகும் தடையையே எண்ணுகிறோம். மருத்துவர்கள் 'ஹார்ட் பிளாக்' என வழங்குவது அதுவன்று. இருதயத்தின் மேலறையில் பிறக்கும் மெல்லிய மின்தூண்டல் கீழறையைச் சென்றடைய ஒரு வழி உண்டு. 1893ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ஹிஸ் அவ்வழியிலுள்ள நார்க்கற்றையைக் கண்டறிந்தார். ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906இல் அதன் தொடக்கத்திலுள்ள கணுவை விளக்கினார். இவ்வழி முற்றிலும் தடைப்பட்டால், கீழறை தன் போக்கில் நிமிடத்திற்கு முப்பது நாற்பது முறையே துடிக்கும். சில வேளைகளில் நின்றும் போகும். மூளைக்குக் குருதி குன்றி நோயாளி மயங்கி வீழ்வார். டப்ளின் நகர மருத்துவர்களான ஆடம்ஸ் 1827லும் ஸ்டோக்ஸ் 1846லும் இம்மயக்கத்தைக் குறித்து எழுதினர். நோய் அறியப்பட்டும், நூறாண்டுக் காலம் அதற்கு உறுதியான பரிகாரம் கிட்டவில்லை.

அப்பரிகாரம் மின்சாரத்தினால் வந்தது. 1952இல் பாஸ்டன் நகரில் பால் ஜோல் என்பார், மார்பின் தோல்மீது மின்முனைகளை வைத்து இருதயத்தை இயக்கிக் காட்டினார். கத்தி வேண்டியதில்லை, சில நிமிடங்களில் தொடங்கிவிடலாம். ஆயின் மார்புத் தசைகளும் உடன் துடித்தன, வலி மிகுந்தது, தோல் புண்பட்டது. நெடுநாள் தாங்கத்தக்க முறையன்று அது.

பிறவியிலேயே இருதயக் குறையுற்ற குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்கையில், மின்வழி புண்பட்டு இவ்வடைப்பு நேர்வதுண்டு. மின்னியாபொலிஸ் நகரில் லில்லஹை 1957இல் மெல்லிய கம்பியொன்றை இருதயத் தசையிலேயே பொருத்தினார். சிறிதளவு மின்சாரமே போதுமானதாயிற்று, வலியும் இல்லை. ஆனால் கருவியோ சுவரிலுள்ள மின் இணைப்பை நம்பியிருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் நகரில் மின்சாரம் நின்றபோது, அந்நம்பிக்கை எவ்வளவு மெலிதானது என்பது விளங்கிற்று. லில்லஹை வேண்டிக்கொள்ள, ஏர்ல் பேக்கன் என்ற பொறியாளர் பேட்டரியால் இயங்கும் சிறு கருவியை உருவாக்கினார்.

மறு ஆண்டு இரண்டு புது வழிகள் திறந்தன. நியூயார்க்கில் சைமூர் ஃபர்மன், மார்பைத் திறவாமலே சிரையின் வழியாகக் கம்பியை இருதயத்துக்குள் செலுத்தினார். ஒரு நோயாளியின் துடிப்பை 96 நாட்கள் காத்தார். எனினும் கம்பி தோலைத் துளைத்து வெளிவந்தமையால், கிருமி புகும் அபாயம் நீங்கவில்லை. 1958 அக்டோபர் 8ஆம் நாள் ஸ்டாக்ஹோம் அருகே மருத்துவர் சென்னிங், பொறியாளர் எல்ம்குவிஸ்ட் சமைத்த கருவி முழுவதையும் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள்ளேயே வைத்தார். முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆயினும் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்ற லார்சன், 2001ஆம் ஆண்டு வரை, 86 வயது வாழ்ந்தார்.

இவ்விரு வழிகளும் பின்னர் ஒன்றாயின. சிரைவழிக் கம்பியும் தோலடியில் புதைத்த கருவியும் சேர்ந்ததே நாம் இன்று அறிந்த பேஸ்மேக்கர். 1970களில் வந்த லித்தியம் பேட்டரி அதன் ஆயுளைப் பல ஆண்டுகளாக நீட்டியது.

உயிர் காப்பது கைகூடிய பின்னரே, எவ்வாறு துடிக்கிறது என்ற வினா எழுந்தது. கம்பி வலக் கீழறையைத் தூண்டுகையில் இடக் கீழறை சற்றுப் பிந்திச் சுருங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, சிலருக்கு இருதயம் தளர்கிறது. அடைப்போடு இருதயத் தளர்ச்சியும் உடைய 691 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவு, இவர்களுக்கு இரு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டுவதே மேலானது என்றது. ஹிஸ் கண்ட நார்க்கற்றையையே நிரந்தரமாகத் தூண்டும் முறையைத் தேஷ்முக் குழுவினர் 2000இல் வெளியிட்டனர். இடக்கிளையைத் தூண்டும் முறை 2017இல் சீனத்திலிருந்து வந்தது. இயற்கை வகுத்த வழிக்கே மருத்துவம் திரும்புகிறது எனலாம்.

இவற்றுள் எது சிறந்தது? ஆபத்து வேளையில் ஜோல் காட்டிய வெளிமுறை இன்றும் உயிர் காக்கிறது; நெடுங்காலத்துக்கு உட்கருவியே துணை. நோயாளியின் நிலையே தேர்வை முடிவு செய்யும். நாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு. ஊரிலுள்ள முதியோர் அடிக்கடி மயங்கி வீழ்ந்தால், வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடாது, நாடி மந்தமாக ஓடுகிறதா என மருத்துவரிடம் காட்டி அறிவோமாக.