அகால மாதவிடாய் நிறைவும் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சையும்

மாதவிடாய் இயல்பாக நின்றுபோகும் பிராயம் மேலைநாட்டு ஸ்திரீகளுக்குச் சராசரியாக 51 என்றும், இந்திய ஸ்திரீகளுக்கு அதனினும் சில ஆண்டுகள் குறைவு என்றும் கணக்கிடப்படுகிறது. 45 வயதுக்கு முன்னரே அது நிற்குமானால் அகால நிறைவு என்பர். 40-க்கும் முன்னர் சினைப்பைகள் தளர்ந்து, நான்கு மாத காலம் மாதவிலக்கின்றி, இரத்தத்தில் சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் லிட்டருக்கு 25 அலகைக் கடந்து நிற்குமானால், அதனைத் தனி வியாதியாகவே வைத்தியர் கருதுவர். பெரும்பாலோரிடத்துக் காரணம் புலப்படுவதில்லை. டர்னர் நோய் போன்ற குரோமோசோம் கோளாறு, புற்றுநோய் மருந்து, கதிர்வீச்சு ஆகியவை சிலருக்குக் காரணமாகும். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடும் அறுவைக்குப் பின்னரோ, உடற்கொதிப்பும் வியர்வையும் உறக்கமின்மையும் சில தினங்களிலேயே உக்கிரமாக வந்துவிடும்.

இந்த அவஸ்தைகளைத் தணிப்பது மட்டுமே ஹார்மோன் மாற்றுச் சிகிச்சையின் நோக்கமன்று. சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பல்லாண்டுகள் முன்னதாகவே இழந்த சரீரத்தில் எலும்பு அடர்த்தி குன்றுவதும், இருதய நோய் அபாயம் கூடுவதும் வெளித்தெரியாமலே நிகழ்வன. ஆயினும் இச்சிகிச்சை என்றதும் மார்புப் புற்றுநோயே பலர் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்னும் பேராராய்ச்சியின் ஒரு பிரிவு, 2002 ஜூலையில் இடைநடுவே நிறுத்தப்பட்டதிலிருந்து பரவிய அச்சம் இது. அதில் பங்குகொண்டவர்கள் 50 முதல் 79 வயதுவரையினர், சராசரியாக 63 வயதினர். அவர்கள் உட்கொண்டது சினைக்குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் ஒரு செயற்கைப் புரோஜெஸ்டோஜனும். அம்முடிவுகளை 36 வயதுப் பெண்ணுக்குப் பொருத்துவது நியாயமாகாது. சமவயதுத் தோழியரின் சரீரம் தானே சுரந்துகொள்வதையே அவளுக்கு மருந்து ஈடுசெய்கிறது.

இளம் பிராயத்தினர்க்கு நாளொன்றுக்கு எஸ்ட்ரடையால் என்னும் ஈஸ்ட்ரோஜன் 2 மில்லிகிராம் மாத்திரையோ, 100 மைக்ரோகிராம் தரும் ஒட்டுப்பட்டையோ தேவைப்படும். மூத்தோர்க்குப் போதுமான அற்ப அளவு இங்கே எலும்பைக் காவாது. மாத்திரை கல்லீரல் வழியாகச் செல்வதால் இரத்தம் உறையும் அபாயத்தைச் சற்றே கூட்டுகிறது. தோல்வழி மருந்து அவ்வாறு செய்வதில்லையாதலின், பருத்த தேகமுடையாருக்கும் ஒற்றைத் தலைவலி உடையாருக்கும் பட்டையோ ஜெல்லோ உசிதம். பட்டையை இடுப்புக்குக் கீழே, உலர்ந்த தோலில், மார்பில் ஒருகாலும் படாமல் ஒட்டி, வாரம் இருமுறை இடம் மாற்றுவர்; ஜெல்லைப் பூசியபின் அது உலருமட்டும் குழந்தையைத் தூக்கலாகாது.

கர்ப்பப்பை உள்ளவர்க்கு ஈஸ்ட்ரோஜனைத் தனித்துக் கொடுத்தால் அதன் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய்க்கு இடமாகும் என்பது 1975-லேயே வெளிப்பட்டது. ஆதலின் மாதந்தோறும் 12 நாட்களாயினும் 200 மில்லிகிராம் நுண்துகள் புரோஜெஸ்டிரோன் சேர்க்கப்படும். தூக்கம் வருவிப்பதால் அதை இரவில் படுக்கப்போகுமுன் விழுங்குவதே வழக்கம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்க்குப் பெரும்பாலும் இது வேண்டுவதில்லை. மார்புப் புற்றுநோய் கண்டவரும், காரணம் தெரியாத இரத்தப்போக்குடையவரும், கல்லீரல் நோய் முற்றியிருப்பவரும் இச்சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியவராவர்.

இது கர்ப்பத்தடை அன்று. தளர்ந்த சினைப்பை எப்போதாவது விழித்துக்கொள்வதுண்டாதலின், மகப்பேறு வேண்டாதவர் தடையைத் தனியே அமைத்துக்கொள்ள வேண்டும். இயல்பான நிறைவுக்குரிய 51 வயதளவும் மருந்தைத் தொடர்வது முறை. அதற்கப்பாலும் வேண்டுமா என்பதை, மூத்த ஸ்திரீகளுக்குரிய லாபநஷ்டக் கணக்கைக் கொண்டு, வைத்தியரும் மருந்து கொள்பவரும் அப்போது புதிதாக நிர்ணயிப்பர்.