வெள்ளை ஒயின் ஏன் தே ஓ நிறத்தில் இருக்கிறது? மண்ணுக்குள் முதிரும் ஒயினின் கதை

நண்பர்களோடு சாப்பிடப் போகிறீர்கள். மெனுவில் "ஆரஞ்சு ஒயின்" என்று ஒன்று இருக்கிறது. வாங்கிப் பார்த்தால் தே ஓ நிறம். கொஞ்சம் கலங்கல். வாயில் வைத்தால் துவர்ப்பு.

"இதுல ஆரஞ்சுப் பழம் போட்டிருக்காங்களா?"

இல்லை. அப்படியென்றால் அது என்ன? அதைச் செய்பவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள்?

ஆரஞ்சு ஒயின் என்றால் என்ன?

வெள்ளைத் திராட்சையைச் சிவப்பு ஒயின் செய்யும் முறையில் செய்தால் கிடைப்பதுதான் ஆரஞ்சு ஒயின்.

வழக்கமான வெள்ளை ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்து, தோலையும் விதையையும் உடனே நீக்கிவிடுவார்கள். சாறு மட்டும் நொதிக்கும். ஆரஞ்சு ஒயினில் தோலும் விதையும் சாற்றோடு ஊறும். சில நாள் ஊறலாம், சில மாதங்களும் ஊறலாம்.

தேயிலைப் பையை நினைத்துப் பாருங்கள். சீக்கிரம் எடுத்தால் வெளிர் நிறம். மறந்துபோய் அப்படியே விட்டால் நிறம் ஏறும், துவர்க்கும். இங்கேயும் அதே கதைதான்.

எங்கே தொடங்கியது?

ஜார்ஜியாவில். அமெரிக்க மாநிலத்தைச் சொல்லவில்லை. கருங்கடல் ஓரத்தில், காக்கசஸ் மலைப் பகுதியில் உள்ள நாடு. அங்கே கிடைத்த பழைய பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் தடயங்கள் இருப்பதை 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவை சுமார் 8,000 ஆண்டு பழமையானவை.

இன்றும் அங்கே "குவெவ்ரி" என்ற பெரிய மண்சாடியில் ஒயின் செய்கிறார்கள். முட்டை வடிவம், கூரான அடிப்பாகம். கழுத்துவரை மண்ணில் புதைத்திருப்பார்கள். சாறு, தோல், காம்பு, விதை எல்லாவற்றையும் அதில் கொட்டி, மூடி, 5, 6 மாதம் விடுவார்கள்.

வடிவத்துக்கும் காரணம் உண்டு. விதைகள் கூரான அடியில் போய்த் தங்கும், தோல் அவற்றின்மேல் படியும். சுற்றியுள்ள மண் சாடியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். மின்சாரமே தேவையில்லை.

அப்போ வேலையே இல்லையா?

இந்த முறையின் தத்துவத்தை "ஒயின் தானே உருவாகட்டும், நாம் குறுக்கே போகவேண்டாம்" என்று சொல்லலாம். கேட்க எளிது, செய்வது கடினம்.

நொதிக்கும்போது தோல் மேலே மிதக்கும். ஒரு நாளில் பலமுறை அதைக் கீழே அழுத்தவேண்டும். சாடி காலியானதும் தேய்த்துக் கழுவவேண்டும். பெரிய சாடி என்றால் ஆளே உள்ளே இறங்கவேண்டியிருக்கும். சுத்தம் குறைந்தால் அடுத்த ஆண்டு ஒயின் கெட்டுவிடும். தவறு நடந்தால் மறைக்க எதுவும் கையில் இல்லை. அதனால்தான் கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஏறக்குறைய மறைந்துபோன பழக்கம்

சோவியத் ஆட்சியில் அளவுதான் முக்கியம். பெரிய அரசாங்க ஆலைகள் வந்தன. ஜார்ஜியாவில் 500க்கும் அதிகமான உள்ளூர்த் திராட்சை வகைகள் உண்டு. ஆலைகளுக்குத் தேவைப்பட்டவை சிலதான். 1985இல் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கத்தில் பல தோட்டங்கள் அழிக்கப்பட்டன.

பழக்கத்தைக் காப்பாற்றியது யார்? கிராமத்துக் குடும்பங்கள். வீட்டுத் தேவைக்கும் விருந்தினருக்கும் குவெவ்ரியில் செய்வதை அவர்கள் விடவில்லை.

2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்தது. ஆகப் பெரிய சந்தை போய்விட்டது. வேறு நாட்டு வாடிக்கையாளர்களைத் தேடியபோது, வீட்டுக்குள் இருந்த அந்தப் பழைய முறையே ஜார்ஜியாவின் தனி அடையாளமானது. 2013இல் யுனெஸ்கோ அதைத் தனது மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. ரஷ்யத் தடை நீங்கியதும் அதே ஆண்டுதான்.

வெற்றியை விட்டுவிட்டு வந்தவர்

இத்தாலியில், ஸ்லோவேனிய எல்லையோரம் உள்ள ஊர் ஒஸ்லாவியா. அங்கே யோஷ்கோ கிராவ்னரின் வெள்ளை ஒயின்களுக்கு நல்ல பெயர் இருந்தது. எஃகுத் தொட்டி, புது ஓக் பீப்பாய் என நவீன வசதிகள் எல்லாம் இருந்தன.

1987இல் கலிஃபோர்னியா போனார். தொழில்நுட்பத்தால் ஒரே மாதிரி ஆக்கப்பட்ட ஒயின்களைச் சுவைத்து, தாமும் அதே பாதையில்தான் போகிறோம் என்று உணர்ந்தார். 1996இல் ஆலங்கட்டி மழை அவருடைய ரிபோல்லா திராட்சையில் பெரும்பகுதியை அழித்தது. மிஞ்சியதைத் தோலோடு ஊறவைத்துச் சோதித்தார். 2000இல் ஜார்ஜியா சென்றார். 2001 அறுவடையிலிருந்து குவெவ்ரிக்கு மாறினார்.

விமர்சகர்கள் சிலர் அவரைக் கைவிட்டார்கள். பழைய வாடிக்கையாளர்கள் பலர் விலகினார்கள். அவர் மாறவில்லை. இப்போது அவருடைய ரிபோல்லா சந்தைக்கு வர அறுவடையிலிருந்து சுமார் 7 ஆண்டு ஆகிறது. அத்தனை ஆண்டும் பணம் முடங்கிக் கிடக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்களா?

இல்லை. வெப்பநிலைக் கட்டுப்பாடும், தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டும் ஒயினைப் பாதுகாப்பாக, ஒரே தரத்தில் வைக்கின்றன என்பார்கள் பலர். அதிலும் நியாயம் உண்டு. வினிகர் நாற்றம் அடித்தால் அது தத்துவம் இல்லை, குறை. "எதுவும் சேர்க்கக்கூடாது" என்று எல்லாருமே பிடிவாதமாக இருப்பதுமில்லை. கிராவ்னரே ஒயின் கெடாமல் இருக்கக் கொஞ்சம் கந்தக டை ஆக்சைடு சேர்ப்பவர்தான்.

அடுத்த முறை என்ன கேட்கலாம்?

- தோலோடு எவ்வளவு நாள் ஊறியது? நாள் கூடக் கூடத் துவர்ப்பும் கூடும்.
- எதில் செய்தது? மண்சாடியா, மரமா, எஃகா?
- என்ன சேர்த்தார்கள்? கடைக்காரருக்குத் தெரிந்தால் நல்ல அறிகுறி.

ஒன்றைக் கவனியுங்கள்: ரொம்பக் குளிரவைத்தால் மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். கலங்கலாக இருப்பதால் மட்டும் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை.

மது குடிக்காதவரா நீங்கள்? பரவாயில்லை. இந்தக் கதை உங்களுக்கும் பொருந்தும். ஒரு நாட்டின் 8,000 ஆண்டுப் பழக்கத்தைக் காத்தவர்கள், லாபம் இல்லாத காலத்திலும் வீட்டில் அதைச் செய்துகொண்டே இருந்தவர்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது எதையாவது விடாமல் செய்துகொண்டிருக்கிறார்களா? எப்படிச் செய்கிறார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.