உருவாக்கியவனுக்கு உரிமை இல்லையா?

2000-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுச் சைபர் கஃபேக்களில் பள்ளிச் சீருடையோடு அமர்ந்திருந்த மாணவர்களைக் கண்டு நாம் மனம் வெதும்பியதுண்டு. அவர்களுள் பலர் ஆடியது 'டோட்டா'. அதனை ஒரு நிறுவனம் உருவாக்கவில்லை. விளையாட்டு ஆர்வலர்களே ஊதியமின்றி உருவாக்கினர். பெற்றோரும் ஆசிரியரும் அறிய வேண்டிய வரலாறு இது.

ஒரு கணினி விளையாட்டின் களத்தையும் மாந்தரையும் விதிகளையும் ஆடுவோரே மாற்றியமைப்பதை 'மோட்' என்பர். 1993-இல் அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட 'டூம்' இதற்குப் பெருவழி அமைத்தது. களங்களும் படங்களும் ஒலிகளும் நிரலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிக் கோப்பில் வைக்கப்பட்டிருந்தன. ஆதலால் நிரலைத் தொடாமலே எவரும் புதிய களம் அமைக்க முடிந்தது. 1997-இல் அதன் மூல நிரலும் வெளியிடப்பட்டது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அதற்குப் புதிய களங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன.

2002-இல் பிளிசார்ட் நிறுவனம் 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டை வெளியிட்டபோது, களம் அமைக்கும் கருவியையும் உடன் வழங்கியது. அக்கருவியைக் கொண்டே 2003-இல் டோட்டா பிறந்தது. ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் செப்பனிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்தார். அதன் வழிவந்தவையே 2009-இல் வெளிவந்த 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்', 2013-இல் வெளிவந்த 'டோட்டா 2' ஆகியவை. இவ்விரண்டையும் வெளியிட்டவை வேறு நிறுவனங்கள்.

2020 ஜனவரியில் பிளிசார்ட் அப்பழைய விளையாட்டைப் புதுப்பித்து 'ரீஃபோர்ஜ்டு' எனும் பெயரில் வெளியிட்டது. அதனைக் கொண்டு ஆடுவோர் உருவாக்கும் களங்கள் யாவும் நிறுவனத்திற்கே உரியவை என அதன் உரிம ஒப்பந்தம் கூறியது. ஆர்வலர்கள் படைத்த தொடர்கதைக் களங்களை ஆடும் வசதியும் வெளியீட்டின்போது இல்லை. பழைய விளையாட்டை முன்பே விலைகொடுத்து வாங்கியோரும், அந்நிறுவனத்தின் இணையச் சேவையில் ஆட வேண்டுமானால் புதிய வடிவத்தையே ஏற்க வேண்டியதாயிற்று. எதிர்ப்பு பெருகவே, வாங்கியோர்க்குப் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் இசைந்தது. சில ஆண்டுகள் கழித்து விடுபட்ட வசதிகள் சில திரும்பின. இழந்த நம்பிக்கை அவ்வளவு எளிதில் திரும்பவில்லை.

முதலீடு செய்த நிறுவனம் தன் உரிமையைக் காக்க முனைவது இயல்பே. ஆயினும், தன் உழைப்பு தனக்குரியதன்று என்று முன்கூட்டியே அறிந்தவன் எதற்காக இரவு பகலாகப் பாடுபடுவான்? டோட்டா பிறந்த மண்ணிலேயே இன்னொரு டோட்டா முளைப்பதற்கான ஊக்கத்தை அவ்விதி குலைத்துவிட்டது.

இன்று நம் பிள்ளைகளும் விளையாட்டுகளுக்குள் வீடு கட்டுகின்றனர், களம் அமைக்கின்றனர். "எவ்வளவு நேரம் ஆடினாய்?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், "அதில் நீ எதை உருவாக்கினாய்? உருவாக்கியது யாருக்குச் சொந்தம்?" என்றும் கேட்போம். படைப்பவனாக வளரும் பிள்ளை தன் உரிமையையும் அறிந்து வளரட்டும்.