லயத்துப் பெண்களும் முன்னறிதலின் சரித்திரமும்

ஊவா மாகாணத்தில், ஹப்புத்தளை மலைத்தொடர் தெற்கே கொஸ்லந்தையை நோக்கித் தாழ்ந்து வரும் சரிவில் அமைந்த மீரியபெத்த தேயிலைத் தோட்டத்தின் பெயரை வெளியுலகம் அறிந்தது, 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து அங்கிருந்த லயங்களை, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளை, மூடிய பின்னரே. அவ்விடம் அபாயமானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்பதை நினைக்குந்தோறும், இத்தகைய லயங்களில் வாழ்ந்த ஸ்திரீகளுக்கு நேர்ந்த வேறொரு மரணம் என் மனத்தில் எழுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், முற்றுவதற்குப் பல வருஷங்கள் முன்பே உயிரணுக்களில் தன் அடையாளத்தைக் காட்டத் தொடங்கும் வியாதி; தோட்டத்து வைத்தியத்திலோ அந்த அடையாளத்தைத் தேடும் வழக்கம் நெடுங்காலம் ஏற்படவில்லை.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் நடைவழியிலும் தோட்டத்திலும் கூட்டங்கூட்டமாய் மடிந்த அவலத்துக்குப் பிறகு, 1872இல் அரசாங்கம் தோட்டப் பிரதேசங்களுக்கென ஒரு வைத்தியச் சட்டத்தை இயற்றிற்று. வாந்திபேதிக்கும் வயிற்றுளைச்சலுக்கும் காய்ச்சலுக்கும் அதனால் உண்டான உதவியை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் விடியற்காலையில் ஆட்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆள் நிற்கிறதா, இன்று மலைக்குப் போகுமா என்ற கேள்வியே அந்த வைத்தியத்தின் அடிப்படையாயிருந்தபடியால், நோவு சொல்லாத ஒரு நோய்க்கு அதில் இடம் கிடைக்கவில்லை. தீட்டு நின்ற பின்னும் உதிரம் கண்டால், அதை டிஸ்பென்சரியில் இருந்த ஆண்மகனிடம் எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்? துணியைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவாள்.

1943இல் பாப்பனிக்கொலா, டிராவுட் என்ற வைத்திய அறிஞர்கள் நியூயோர்க்கில் தங்கள் கிரந்தத்தை வெளியிட்டு, யோனியிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தே புற்றுநோயை அறியலாம் என்று காட்டினார்கள். நோயில்லாத பெண்களையே அழைத்து இந்தப் பரிசோதனையைச் செய்யும் கிளினிக்குகளை இலங்கை 1996இல் தொடங்கி, முப்பத்தைந்து வயதை எட்டிய பெண்களை வரச்சொன்னது. இடையே கழிந்தவை ஐம்பத்துமூன்று வருஷங்கள்.

நோய் கண்ட பிறகு யார் பிழைப்பார் என்பதோ இன்னும் கடினமான கேள்வி. வைத்தியர் பரிசோதித்து நோயின் கட்டத்தை நிர்ணயிக்கிறார். ஒரே கட்டத்திலுள்ள இரு பெண்களுக்கு ஒரே அளவு கதிர்வீச்சுக் கொடுக்கப்படுகிறது. ஒருத்தி குணமடைந்து பேரப்பிள்ளைகளைக் காண்கிறாள், மற்றவளுக்கு நோய் திரும்பி வருகிறது. இதன் ரகசியத்தைத் தேடியவர்களுள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஆராய்ச்சியாளர்களும் இருந்தார்கள் என்பது, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களின் சந்ததிக்கு அந்நியமான செய்தியன்று. நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் மரபணுக்கள் அநேகமாய் ஒன்றேயாயினும், எது விழித்து வேலை செய்கிறது, எது உறங்குகிறது என்பது உயிரணுவுக்கு உயிரணு வேறுபடும். விழித்த மரபணு ஆர்.என்.ஏ. என்னும் பிரதிகளை உண்டாக்க, அப்பிரதிகளை அளந்தால் கட்டியின் சுபாவம் ஒருவாறு தெரியவரும். கதிர்வீச்சுக்குப் பின் முப்பத்தாறு மாதங்களுக்கு மேல் நோயின்றி இருந்த பதினைந்து பெண்கள், சிகிச்சை பலிக்காத பத்துப் பெண்கள் ஆகியோரிடம் முன்பே எடுத்துப் பாதுகாத்திருந்த ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டு, ஏழு மரபணுக்களைக் கொண்டு இரு கூட்டத்தாரையும் பிரித்தறியும் மதிப்பெண் முறையொன்றை அவர்கள் 2009இல் வெளியிட்டார்கள். கதிர்வீச்சு மட்டுமே போதுமானவளுக்குக் கடுமையான மருந்தின் துன்பத்தை மிச்சப்படுத்தலாம் என்பது அதன் நோக்கம். இருபத்தைந்து பேர் சிறு தொகையே. மேலும் பலரிடம் சோதித்தாலன்றி முடிவு செய்யலாகாதென்று அவர்களே எழுதியிருப்பது எனக்கு அவர்கள்மேல் மரியாதையை அதிகப்படுத்துகிறது. 2017இல் வெளியான அமெரிக்கப் பேராய்வொன்று 228 கட்டிகளை ஆராய்ந்து, வெளிக்கு ஒன்றுபோல் தோன்றும் நோய்க்குள் பல இனங்கள் உண்டென்பதை மேலும் தெளிவாக்கிற்று.

ஆனால் மரபணுவை அளக்கக் கட்டியின் துணுக்கு வேண்டும். துணுக்கு எடுக்க நோயுற்றவள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டும். அந்நிலைக்கு முன்பே உதவும் வழியும் உண்டு: திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்களில் வினாகிரியின் அமிலம் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையே இந்நோயின் மரணங்களை நூற்றுக்கு முப்பத்தைந்து குறைத்ததென்று 2007இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்கு இந்நோய்க்குக் காரணமான வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடப்படுவதால், கொஸ்லந்தைப் பக்கத்துப் பள்ளியில் படிக்கும் லயத்துச் சிறுமியைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. என் கவலையெல்லாம் முப்பத்தைந்து வயதான அவள் தாயைப் பற்றியது. குடும்பநல மாது லயத்துப் படியேறி அவளைக் கிளினிக்குக்கு அழைக்கும் நாளில், தோட்டத்தார் அவளுக்கு அரைப்பேர்கூடக் குறைக்காமல் முழுப்பேர், அதாவது முழுநாட் கூலி, போட வேண்டும்.