ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸை மெனுவலாக மாற்றிய பின் வரும் மின்கோளாறுகள்: மலைவீதி வாகனக்காரர்களுக்கு ஒரு கையேடு

அவிசாவளையிலிருந்து ஹற்றன் ஊடாக நுவரெலியா செல்லும் ஏ-7 வீதி, கித்துல்கலவைத் தாண்டியதும் கினிகத்தேனையை நோக்கி வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. இந்த வீதியை அண்டிய இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் இரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால், அவரைக் கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் அயலில் யாரோ ஒருவருடைய பழைய வான் அல்லது முச்சக்கர வண்டிதான். அந்த வான் ஸ்டார்ட் ஆகாமல் போவதும், இறக்கத்து வளைவில் அதன் எஞ்சின் நின்றுபோவதும் வெறும் வாகனக் கோளாறு அல்ல.

அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. வரியோ சாதாரண மக்களால் எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறது. எனவே பழைய வாகனத்தை எப்படியாவது ஓடவைப்பதே பலருக்கு மிஞ்சியிருக்கும் வழி. ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸ் பழுதானால், அதைத் திருத்தும் செலவுக்குப் பயந்து, பாவித்த மெனுவல் கியர்பொக்ஸ் ஒன்றைப் பூட்டிக்கொள்பவர்கள் உண்டு.

இல்லாததை வைத்து வண்டி ஓட்டுவது எம்மவருக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகமும் வடக்கிற்கு வராதபோது, பெற்றோலைச் சில துளிகள் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டினார்கள். ஆனால் அந்த எஞ்சின்களில் கொம்பியூட்டர் இருக்கவில்லை. இன்றைய வானில் கியர்பொக்ஸை மாற்றினாலும், வயர்களும் கொம்பியூட்டரும் பழைய ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸ் இன்னும் இருப்பதாகவே எண்ணி அதனிடமிருந்து தகவலை எதிர்பார்க்கின்றன. அந்தத் தகவல் வராததால்தான் கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை வருகின்றன.

வேலையைத் தொடங்குமுன் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். வயரை வெட்டி இணைப்பதாயின் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். மஞ்சள் நிறப் பிளக்குகள் எயார்பேக்கிற்கு உரியவை, அவற்றைத் தொடவேண்டாம்.

கியர் விழவில்லையா? முதலில் வயரைத் தேடாதீர்கள்

மெனுவல் கியரைப் போடுவது கையும் கிளச்சும்தான், அதில் மின்சாரத்துக்கு வேலை இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியைச் சற்று முன்பின்னாக அசைத்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது இலகுவாக விழுந்து, ஓடும்போது இறுகினால் அல்லது கரகரத்தால் கிளச் முழுமையாக விடுபடவில்லை என்று அர்த்தம். கிளச் எண்ணெயில் காற்று, கேபிள் தளர்வு, சிலிண்டர் ஒழுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். எஞ்சின் நிற்கும்போதும் விழாவிட்டால் கியர் லீவரின் இணைப்புக் கம்பிகளில் அல்லது கேபிளில் பிழை இருக்கலாம். ரிவர்ஸ் கியரைப் பூட்டிவைக்கும் மின்காந்தம் உள்ள சில வாகனங்கள் மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

ஸ்டார்ட் ஆகவில்லை

ஓட்டோமெட்டிக் வாகனத்தில் ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரம், கியர்பொக்ஸில் உள்ள நியூட்ரல் சுவிட்ச் வழியாகப் போகிறது. லீவர் ‘பி’ அல்லது ‘என்’ இடத்தில் இருந்தால்தான் அது வழிவிடும். கியர்பொக்ஸோடு அந்தச் சுவிட்சும் போய்விட்டது.

ஸ்டார்ட்டரின் மெல்லிய வயரில் டெஸ்ட் லைட்டை வைத்து, மற்றொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். லைட் எரிந்தும் ஸ்டார்ட்டர் சுற்றாவிட்டால் ஸ்டார்ட்டரிலோ எர்த்திலோ பிழை. லைட் எரியாவிட்டால் இந்தச் சுவிட்ச் இருந்த பாதையையும், ரிலே, பியூஸ் ஆகியவற்றையும் பாருங்கள்.

பலர் செய்வது, அந்த இரண்டு வயர்களையும் நேரே முறுக்கிவிடுவது. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் கியரில் இருக்கும்போதும் ஸ்டார்ட் ஆகும். சாய்வில் முதல் கியரில் நிறுத்திய வானில் ஒரு பிள்ளை சாவியைத் திருப்பினாலே வண்டி பாய்ந்துவிடும். கிளச் பெடலில் ஒரு சுவிட்சைப் பூட்டி, அதன் வழியாக இந்தப் பாதையை இணைப்பதே சரியான முறை. கிளச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகவேண்டும்.

எர்த் பட்டி

கியர்பொக்ஸை மாற்றும்போது அடிக்கடி மறந்துவிடப்படுவது, எஞ்சின் அல்லது கியர்பொக்ஸை பொடியோடு இணைக்கும் எர்த் பட்டி. அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், லைட்டுகள் மங்கும், சென்சர்கள் பிழையான அளவைக் காட்டும். ஸ்டார்ட்டரின் மின்சாரம் வேறு வழி தேடி அக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சூடாக்கவும் கூடும்.

மல்டிமீற்றரை டீசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையைக் கியர்பொக்ஸின் உலோகத்திலும் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது. துருவைச் சுரண்டி, தடித்த பட்டி பூட்டுங்கள். இது மலிவான வேலை, ஆகையால் வேறு எதற்கும் பணம் செலவழிக்குமுன் இதைச் செய்யுங்கள்.

ரிவர்ஸ் லைட்

பழைய கியர்பொக்ஸில் ரிவர்ஸ் லைட்டின் இணைப்பும் பொதுவாக நியூட்ரல் சுவிட்சுக்குள்ளேயே இருந்தது. மெனுவலில் அதற்கு இரண்டு வயர்களுடன் தனிச் சுவிட்ச் உண்டு. அதன் பிளக்கைக் கழற்றி, சாவியை ‘ஓன்’ நிலையில் வைத்து, பிளக்கின் இரண்டு வயர்களையும் ஒரு வயர்த்துண்டால் இணையுங்கள். லைட் எரிந்தால் சுவிட்ச் பிழை, எரியாவிட்டால் பல்ப், பியூஸ் அல்லது வயர் பிழை. பல வாகனங்களில் ரிவர்ஸ் லைட்டும் டாஷ்போர்ட் மீற்றர்களும் ஒரே பியூஸில் இருக்கும். ரிவர்ஸ் போட்டவுடன் மீற்றர்கள் செத்துப்போனால், அந்த வயர் எங்கோ பொடியில் முட்டுகிறது. பெரிய பியூஸைப் போட்டுச் சமாளிக்க வேண்டாம், வயர் எரிந்துவிடும்.

வேக சென்சர்: இறக்கத்தில் எஞ்சின் நிற்பதற்கான காரணம்

மலைவீதியில் இதுவே மிக ஆபத்தான கோளாறு. வேகத்தைச் சொல்லும் சென்சர் கியர்பொக்ஸில் இருக்கும் வாகனங்களில், புதிய கியர்பொக்ஸின் சென்சர் பொருந்தாவிட்டால் வேகமானி வேலை செய்யாது. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பது எஞ்சின் கொம்பியூட்டருக்கும் தெரியாது. அப்போது கிளச்சை மிதித்து வேகம் குறைக்கையில் எஞ்சின் நின்றுபோகலாம். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகும். பிரேக்கும் சில மிதிகளுக்குப் பின் கல்லாகிவிடும். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலவுக்கு இறங்கும் வளைவுகளில் இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு வயர் சென்சர் காந்தத்தால் தானே மின்துடிப்பை உண்டாக்கும். மூன்று வயர் சென்சருக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றதை நேரே பூட்ட முடியாது. வேகமானி ஓடினாலும் பிழையான வேகம் காட்டினால், சென்சரைச் சுற்றும் சிறிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை மாறியிருக்கலாம்.

செக் எஞ்சின் லைட்

கொம்பியூட்டர், பழைய கியர்பொக்ஸின் சொலனொயிட்டுகளைத் தேடிக் காணாமல் பிழைக்குறி எழுதும். ஓபிடி ஸ்கேனர் பொருந்தும் வாகனங்களில் பி0705 என்பது லீவர் நிலைச் சென்சர், பி0715 உள்வரும் தண்டின் வேகம், பி0750 கியர் மாற்றும் சொலனொயிட் ‘ஏ’, பி0500 வாகன வேகம். முதல் மூன்றும் ஓட்டோமெட்டிக் இல்லாததன் விளைவு. கடைசி ஒன்றை மட்டும் அப்படி விட்டுவிடாதீர்கள்.

சொலனொயிட்டுக்குப் பதிலாக ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றும் முறை ஒன்று உண்டு. 12 ஓம் ரெசிஸ்டரில் 12 வோல்ட் பாய்ந்தால் 12 வோட் வெப்பம் உண்டாகும். ரேடியோவில் இருக்கும் சின்ன ரெசிஸ்டர் அதில் கருகிவிடும். அதே எஞ்சினின் மெனுவல் கொம்பியூட்டரைத் தேடிப் பூட்டுவதே நிரந்தரத் தீர்வு. இம்மொபிலைசர் உள்ள வாகனமாயின் சாவியையும் அதற்குப் பதிவு செய்யவேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

சாவி வெளியே வரவில்லை

லீவர் ‘பி’யில் இருந்தால்தான் சாவியை விடும் பூட்டு சில வாகனங்களில் உண்டு. அதை முறையாக நீக்காவிட்டால் சாவி ‘ஏசிசி’ நிலையிலேயே நின்று, விடியும்போது பற்றரி இறங்கியிருக்கும். பெடல்களை மாற்றியபோது பிரேக் லைட் சுவிட்ச் விலகியிருந்தாலும் லைட் இரவு முழுக்க எரியும். இரண்டையும் பாருங்கள்.

தொங்கும் பிளக்குகளும் மழையும்

கித்துல்கல நாட்டில் அதிகம் மழை பெறும் பகுதிகளில் ஒன்று. வெயில் நாளில் ஒழுங்காக ஓடி, மழை நாளில் மட்டும் குழப்பம் தரும் வண்டியானால், கீழே தொங்கும் பழைய பிளக்குகளுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அவற்றை வெட்டாதீர்கள். பெயர் எழுதி ஒட்டி, சுருங்கும் குழாயால் மூடி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி உயரத்தில் கட்டுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் அது சேற்றிலும் சூட்டிலும் பிரிந்துவிடும்.

பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

கராஜிலிருந்து வண்டியை எடுக்குமுன், பாஸை அருகில் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்து பாருங்கள்:

1. கிளச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றக்கூடாது.
2. ரிவர்ஸ் போட்டால் மட்டும் ரிவர்ஸ் லைட் எரியவேண்டும்.
3. வேகமானி ஓடவேண்டும், கைபேசி காட்டும் வேகத்தோடு ஓரளவு ஒத்திருக்கவேண்டும்.
4. சமதரையில் 10 தடவை வேகம் குறைத்து நிறுத்தியும் எஞ்சின் நிற்கக்கூடாது.
5. சாவி வெளியே வரவேண்டும். வந்தபின் எந்த லைட்டும் எரியக்கூடாது.
6. எந்த வயர் எதோடு இணைக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி வாங்கவேண்டும்.

நான்காவது சரிவராத வண்டியை மலையில் இறக்காதீர்கள். ஆறாவதைப் பலர் கேட்பதில்லை. அடுத்த தடவை வண்டி நடுவழியில் நின்றால், முகம் தெரியாத இன்னொரு பாஸ் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார்.